தாத்தாவின் எழுத்து மேசையும் அதன்மேல் ஒட்டியிருந்த சன்மைக்காவும்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் கிடக்கும் தேக்கு மேசை, பத்திரம் எழுதிக்கொண்டிருந்த என் தாத்தா 1950களில் செய்துகொண்டது. மேற்பலகை 5 அடி நீளமும் 2.5 அடி அகலமும் கொண்டது. முன்பக்கத்தில் மூன்று இழுப்பறைகள் உண்டு. 1980களில், மரம் பழசாகத் தெரிகிறது என்று நினைத்த யாரோ ஒருவர் சொல்லி, மேற்பலகையின் மீதும் இழுப்பறைகளின் முகப்பிலும் மரக்கோடு அச்சிட்ட பழுப்பு நிறச் சன்மைக்காவை ஒட்டிவிட்டார்கள். 2011 டிசம்பர் 30 காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே தானே புயல் கரையைக் கடந்தபோது முன்னறையின் ஓடுகள் பறந்துபோயின. இரண்டு நாள் மழைநீர் மேசைமேல் தேங்கியது. அன்று ஒரு மூலையில் விரல் நுழையும் அளவுக்கு எழும்பிய சன்மைக்கா, அதன் பிறகு வந்த ஒவ்வொரு ஐப்பசி, கார்த்திகையிலும் இன்னும் கொஞ்சம் எழும்பிக்கொண்டே இருந்தது. எழும்பிய இடத்தில் ஈரம் தங்கி மரம் கறுக்கத் தொடங்கியதைப் பார்த்த பிறகு, இந்த மாசியில் அதை முழுவதுமாகக் கழற்றிவிடுவது என்று முடிவு செய்தேன்.

கழற்றுவதற்கு நான் விசாரித்த வழிகள் மூன்று. உளியை நுழைத்து நெம்பலாம். ஆனால் பசை நன்றாகப் பிடித்திருக்கும் இடங்களில் சன்மைக்காவோடு தேக்கின் நாரும் சிலாம்பு சிலாம்பாகக் கிளம்பிவிடும். தின்னரை இடுக்கில் ஊற்றி ஊற்றிப் பசையைக் கரைக்கலாம். மூடிய அறையில் 12.5 சதுர அடிக்கு அதைச் செய்தால் லிட்டர் கணக்கில் தின்னர் ஆவியாகும், அதற்கு நடுவில் மூச்சு விட்டுக்கொண்டு நிற்க வேண்டும். மூன்றாவது வழி ஹீட் கன். தலைமுடி உலர்த்தும் கருவியைப் போலவே மின்கம்பிச் சுருளின் மீது காற்றை ஊதி அனுப்புவதுதான் இதுவும் என்றாலும், இதன் வாயில் வரும் காற்று 600 டிகிரி செல்சியஸ் வரை ஏறக்கூடியது. அந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளாமல் வேலை தொடங்கியதால்தான் முதல் நாள் எனக்குப் பாழானது.

சூடு எதன்மேல் வேலை செய்ய வேண்டும் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. சன்மைக்கா என்று நாம் சொல்லும் தகடு, பினாலிக் பிசினில் ஊறிய பழுப்புக் காகிதங்களை அடுக்கி, மேலே மெலமைன் பிசினில் ஊறிய அச்சிட்ட காகிதம் ஒன்றை வைத்து, அழுத்தத்திலும் சூட்டிலும் இறுக்கியது. இந்தப் பிசின்கள் ஒருமுறை இறுகினால் பிறகு எவ்வளவு சூடுபடுத்தினாலும் உருகுவதில்லை, கருகத்தான் செய்யும். (இத்தகைய தகட்டை 1913இல் அமெரிக்காவில் செய்யத் தொடங்கியவர்கள், மின்காப்புக்குப் பயன்பட்ட மைக்கா எனும் அப்பிரகத்துக்கு மாற்றாக அதைக் கொண்டுவந்ததால் ஃபார்மைக்கா என்று பெயரிட்டார்கள். நம் தச்சர்கள் இன்றும் இதை வெறுமனே மைக்கா என்பதில் அந்தக் கதை ஒட்டிக்கொண்டிருக்கிறது.) தகட்டுக்கும் மரத்துக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் பசை அப்படியானதல்ல. இருபுறமும் தடவிக் காயவைத்து அழுத்தி ஒட்டும் அந்த மஞ்சள் பசை, ஏறக்குறைய 70, 80 டிகிரியிலேயே பிடி தளர்ந்து நூல் நூலாக இழுபடத் தொடங்கிவிடும். ஆகவே 600 டிகிரிக் காற்றை வைத்துக்கொண்டு நாம் செய்ய வேண்டியது, தகட்டைக் கருக்காமல் அதன் வழியாக 80 டிகிரியை மட்டும் அடியில் கொண்டு சேர்ப்பதுதான்.

நான் வாங்கியது 2000 வாட் கருவி, இரண்டு வேகமும் சூட்டைக் கூட்டிக் குறைக்கத் திருகும் கொண்டது. 230 வோல்ட்டில் அது இழுக்கும் மின்னோட்டம் ஏறத்தாழ 8.7 ஆம்பியர். முன்னறையில் இருந்த 5 ஆம்பியர் பிளக்கில், வீட்டில் கிடந்த மெல்லிய எக்ஸ்டென்ஷன் பெட்டியை மாட்டிப் பத்து நிமிடம் ஓட்டியதற்கே அதன் ஒயர் கைக்குச் சுட்டது. உடனே நிறுத்திவிட்டு, மோட்டாருக்காகப் போட்டிருந்த 15 ஆம்பியர் பவர் பிளக்கிலிருந்து 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயரில் புதிதாக ஒரு நீட்டிப்புச் செய்துகொண்டேன். ஒயரைச் சுருளாகவே வைத்துக்கொண்டு ஓட்டினால் சுருளுக்குள் சூடு தேங்கும் என்பதால், அதை முழுவதும் பிரித்துத் தரையில் போட்டுவைப்பது அவசியம். உடுப்பும் கவனிக்க வேண்டிய ஒன்று: பாலியெஸ்டர் சட்டை வேண்டாம், பருத்தி போதும், கைக்கு, வெல்டிங் செய்பவர்கள் போடும் தோல் உறை.

வேலை தொடங்குமுன் எங்கள் தெருவில் இருக்கும் தச்சர் பெரியவர் ஒருவரை அழைத்துவந்து மேசையைக் காட்டினேன். அவருக்கு எழுபது வயதுக்கு மேல் ஆகிறது. இப்போது வேலைக்குப் போவதில்லை. மேசையின் அடியில் குனிந்து கால் மூட்டுகளைத் தடவிப் பார்த்தவர், "தம்பி, இது வச்சிரம் காய்ச்சி ஊத்தின மூட்டு. இதுகிட்ட சூடு காட்டிடாதீங்க, கால் ஆட ஆரம்பிச்சிடும்" என்றார். மாட்டுத்தோலைக் காய்ச்சி எடுக்கும் வச்சிரப் பசை இளஞ்சூட்டுக்கும் ஈரத்துக்கும் இளகிவிடும் என்பது எனக்குக் கேள்வியறிவாகத் தெரியும். என் மேசையில் அது இருக்கும் என்று நினைத்துப் பார்த்ததில்லை. மூட்டுகளைக் காக்க ஈரச்சாக்கைச் சுற்றிவைக்கலாமா என்று கேட்டேன். சூட்டோடு ஈரமும் சேர்ந்தால் வச்சிரம் இன்னும் சீக்கிரம் விட்டுவிடும், உலர்ந்த தகரத்தை மறைப்பாக நிறுத்துங்கள் என்று சொன்னார். பழைய எண்ணெய் டின் ஒன்றை வெட்டி விரித்து நான்கு மூலைகளுக்கும் மறைப்புச் செய்துகொண்டேன். அவரை அழைக்காமல் இருந்திருந்தால் மேற்பலகையைக் காப்பாற்றி மேசையை இழந்திருப்பேன் என்றே நம்புகிறேன்.

முதல் நாள் செய்த தவற்றை உள்ளபடி எழுதுகிறேன், ஏனென்றால் இந்தக் கருவியைப் புதிதாக எடுக்கும் பெரும்பாலோர் இதையே செய்வார்கள். சுவரை ஒட்டி நிற்கும் பின்விளிம்பில், யாருக்கும் தெரியாத இடத்தில், திருகை 450க்கு வைத்து வாயை 2 சென்டிமீட்டர் தூரத்தில் பிடித்தேன். அரை நிமிடத்துக்குள் சன்மைக்காவின் மேல் ஒரு கொப்புளம் எழும்பிப் பட்டென்று வெடித்தது. மீன் அழுகியது போன்ற ஒரு கார நெடி அறையை நிறைத்தது. பட்டி பார்க்கும் தகட்டை நுழைத்துத் தூக்கியபோது மேலே இருந்த அச்சுக் காகிதம் மட்டும் உரிந்து கையோடு வந்தது. அடியிலிருந்த பழுப்புக் காகித அடுக்குகள் மரத்தோடு அப்படியே நின்றன. சன்மைக்காவின் மேற்புறம் கருகும் அளவுக்குச் சூடேறியும், சூடு அடியிலிருக்கும் பசையைச் சென்றடைய நேரமே கொடுக்கப்படவில்லை என்பதுதான் காரணம். அந்தக் கையளவு இடத்தில் தங்கிய காகிதத்தைச் சுரண்டி எடுக்க எனக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. மரத்தில் ஒரு பழுப்புத் தழும்பும் நிலையாக விழுந்துவிட்டது.

மறுநாள் திருகை 200க்குக் குறைத்தேன். அகன்ற மீன்வால் வாயை மாட்டி, 6, 7 சென்டிமீட்டர் உயரத்தில் பிடித்து, ஒரு சாண் நீளமும் அரைச் சாண் அகலமும் உள்ள இடத்தின் மீது, சட்டைக்கு இஸ்திரி போடுவதைப் போல ஓரிடத்தில் நிற்காமல் ஓட்டிக்கொண்டே இருந்தேன். சூட்டை அளக்கும் கருவி என்னிடம் இல்லாததால் தண்ணீர்ச் சொட்டை வைத்துப் பார்த்தேன். காற்றை நிறுத்திவிட்டு விரலால் ஒரு சொட்டை வைத்தால், அது ஓசையில்லாமல் ஆவியெழுப்பிச் சுருங்கிப்போக வேண்டும்; சுர்ரென்று கொதித்தால் நூறு டிகிரியைத் தாண்டிவிட்டது, கொஞ்சம் ஆறவிட வேண்டும். முதல் சொட்டு சரியாக வந்த பிறகும் உடனே பட்டித் தகட்டை நுழைக்காமல் இன்னும் அரை நிமிடம் மெதுவாக ஓட்டினேன். அந்த அரை நிமிடம்தான் முக்கியம். மேலே இருக்கும் சூடு கீழே இறங்குவதற்கான நேரம் அது. மொத்தத்தில் ஒரு சாண் இடத்துக்கு இரண்டிலிருந்து மூன்று நிமிடம் ஆனது.

பட்டி பார்க்கும் தகட்டின் முனைகளை உப்புத்தாளில் உரசி மழுக்கிக்கொண்டு, விளிம்பிலிருந்து மரத்தின் ரேகையோடு ஒட்டிய திசையில் நுழைத்தேன்; ரேகைக்குக் குறுக்கே தள்ளினால் சிலாம்பு கிளம்பும். நெம்பவே கூடாது. தகட்டைப் பலகையோடு படிய வைத்து லேசாக முன்னே அழுத்திக்கொண்டு, மற்றொரு கையால் சன்மைக்காவின் விளிம்பைச் சிறிது மேலே இழுத்துப் பிடித்துக் காத்திருந்தால், பசை மெல்ல மெல்ல நூலிழுத்துப் பிரிவதைக் கண்ணால் பார்க்கலாம், அந்தப் பிசுபிசுத்த ஒலியையும் கேட்கலாம். அது நின்றுவிட்டால் சூடு தீர்ந்துவிட்டது என்று அறிந்து மறுபடி காற்றைக் காட்ட வேண்டுமே தவிர, கைவலுவைக் காட்டக் கூடாது. ரப்பர் பசைக்கு இன்னொரு குணமும் உண்டு: சூடாகப் பிரிந்த இரண்டு முகங்களும் மறுபடி தொட்டுக்கொண்டால் புதிதாக ஒட்டியதைப் போலவே பிடித்துக்கொள்ளும். முதல் அரை மணியில் இரண்டு முறை அப்படி ஆகி, செய்த வேலையையே திரும்பச் செய்தேன். பிறகு மூங்கில் சிம்புகளைச் சீவி ஆப்புகளாக்கி, பிரிந்த இடத்தில் நான்கு விரற்கடைக்கு ஒன்றாகச் செருகிக்கொண்டே போனேன். அதற்குப் பிறகு ஒட்டவில்லை.

நான்கு பக்கமும் விளிம்பிலிருந்து ஐந்து அங்குலம் வரை இப்படிப் பிரித்த நிலையில், நடுப்பகுதியை நோக்கிக் காற்றைத் திருப்பியபோது மிக மெல்லிய கற்பூர வாசனை வந்தது. பூசையறை பக்கத்தில் இருப்பதால் அங்கிருந்து வருவதாகவே முதலில் நினைத்தேன். சிம்புகளின் இடைவெளி வழியாக டார்ச் அடித்துப் பார்த்தபோது, உள்ளே தேக்குப் பலகையில் ஒரு பள்ளம் செதுக்கி அதில் கரும்பச்சை ரெக்சின் பதித்திருப்பது தெரிந்தது. எழுதும்போது தாள் வழுக்காமல் இருக்கப் பழைய அலுவலக மேசைகளில் அப்படிப் பதிப்பார்கள். சன்மைக்கா ஒட்டியவர்கள் அதை எடுக்காமல் அதன் மேலேயே பசையைத் தடவிவிட்டிருக்கிறார்கள். நான் ஹீட் கன்னை அணைத்து, பிளக்கைக் கழற்றி, திண்ணைக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டேன்.

காரணம் இதுதான். இன்று கடைகளில் விற்கும் ரெக்சின் துணிமேல் பி.வி.சி. பூசியது; ஆனால் இங்கிலாந்தில் மான்செஸ்டர் அருகே ஹைட் என்ற ஊரிலிருந்த ஒரு கம்பெனியின் வணிகப் பெயராக ரெக்சின் என்ற சொல் புழங்கிய காலத்தில், அந்தத் துணிமேல் பூசப்பட்டது செல்லுலோஸ் நைட்ரேட். கற்பூர எண்ணெய் சேர்த்துக் குழைத்த அந்தப் பூச்சு, வெடிமருந்துக்குப் பயன்படும் பொருளின் உறவு. ஏறத்தாழ 170 டிகிரியிலேயே சுடர் படாமலும் தீப்பற்றக்கூடியது. என் மேசையில் இருப்பது எது என்று தெரிந்துகொள்ள, ஓரத்திலிருந்து அரிசியளவு துண்டு ஒன்றை வெட்டிக் கொல்லைப்புறத்தில் மணல்மேல் வைத்துச் சோதித்தேன். செம்புக் கம்பியைச் சிவக்கக் காய்ச்சி அந்தத் துண்டில் தொட்டு மறுபடி சுடரில் காட்டினால், பி.வி.சி.யாக இருப்பின் அதிலுள்ள குளோரின் காரணமாகச் சுடர் பச்சையாகும். இங்கே பச்சை வரவில்லை. கம்பி தொட்ட மாத்திரத்தில் துண்டு புஸ்ஸென்று பற்றி ஒரு நொடியில் காணாமல் போனது. இந்தச் சோதனையை வீட்டுக்கு வெளியே, அரிசியளவுக்கு மேல் இல்லாமல், இடுக்கியால் பிடித்துத்தான் செய்ய வேண்டும். பி.வி.சி.யாக இருந்திருந்தாலும் நான் மகிழ்ந்திருக்க முடியாது. அது மிகச் சூடேறினால் ஹைட்ரஜன் குளோரைடு வாயுவை விடும், அது கண்ணையும் தொண்டையையும் அரித்துவிடும்.

நடுப்பகுதியைச் சூட்டுக் காற்று இல்லாமல் எடுக்க வேண்டியதாயிற்று. ரெக்சினை மரத்தோடு பிடித்திருந்ததும் வச்சிரம்தான் என்று பெரியவர் ஒரு நகக்கீறலிலேயே கண்டுகொண்டார். மூட்டில் எதற்கு அஞ்சினோமோ அதையே இங்கே பயன்படுத்திக்கொண்டோம். பழைய வேட்டியை நாடா நாடாவாகக் கிழித்து, கை பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் நனைத்து, சொட்டாதபடி இறுகப் பிழிந்து, ரெக்சினின் விளிம்பைச் சற்றுத் தூக்கி அதன் அடியில் செருகிவைத்தேன். கால் மணி நேரத்தில் ஓர் அங்குலம், சில இடங்களில் இரண்டு அங்குலம் இளகியது. சன்மைக்காவும் ரெக்சினும் ஒன்றோடொன்று ஒட்டியபடியே, ஒரே பலகையாக, மரத்திலிருந்து எழும்பி வந்தன. இதற்கு மூன்று மாலைகள் ஆயின. நாடாவில் நீர் அதிகமிருந்தால் அது ஓடி மூட்டுக்குப் போய்விடும் என்பதால், ஒவ்வொரு முறையும் பிழிந்ததை மறுபடி பிழிந்தேன். வேலை முடிந்த இரவுகளில் மின்விசிறியை மேசையின் அடிப்பக்கம் பார்த்து வைத்தேன்.

விளிம்புகளில் மஞ்சள் பசை தோல்போலத் தங்கியிருந்தது. ரெக்சின் முழுவதும் அகன்றுவிட்டதால் மறுபடி ஹீட் கன்னை எடுத்து, இளஞ்சூட்டில் பசையை இளக்கிச் சுரண்டினேன். ஆறியதை உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தால் திரண்டு உருண்டைகளாக உதிர்ந்தது. உப்புத்தாளை இந்தக் கட்டத்தில் தொடக் கூடாது, இரண்டு இழுப்பிலேயே பசையால் அடைந்துவிடும். ரேகைக்குள் இறங்கிய மிச்சத்தைத் துடைக்கத் தின்னர் தேவைப்பட்டது. அதை மறுநாள் காலையில், ஹீட் கன் அந்த அறையிலேயே இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, ஜன்னல்களைத் திறந்துவைத்துத் தொட்டேன். தின்னரின் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து போகும். இரண்டையும் ஒரே வேளையில் கையில் எடுப்பவருக்கு நான் சொல்லக்கூடியது வேண்டாம் என்ற ஒரு சொல் மட்டுமே.

இழுப்பறைகளின் முகப்பில் சன்மைக்கா எளிதாக வந்தது, ஆனால் அடியில் பச்சை எனாமல் பெயின்ட் இருந்தது. நம் நாட்டில் வீட்டு உபயோகப் பெயின்டுகளில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016இல் அறிவிக்கப்பட்டு, 2017 நவம்பர் 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்குப் பல பத்தாண்டுகள் முந்திய இந்தப் பெயின்டில் ஈயம் இருக்கும் என்று வைத்துக்கொண்டு நடப்பதே முறை. அதைச் சூடுபடுத்திக் கொப்புளமாக்கி எடுப்பது விரைவான வழிதான். ஆனால் சூடு மிஞ்சினால் ஈயம் புகையாகவும், உலரத் தேய்த்தால் தூசியாகவும் வீட்டுக்குள் பரவும். அக்காவின் நான்கு வயது மகள் நாள் முழுவதும் அந்த முன்னறையிலேதான் விளையாடுவாள். எனவே இழுப்பறைகளைக் கொல்லைக்கு எடுத்துப்போய், தண்ணீர் தெளித்துத் தெளித்து நனைந்த நிலையிலேயே தகட்டால் சுரண்டி, விழுந்ததைச் செய்தித்தாளோடு சுருட்டிக் கட்டி அப்புறப்படுத்தினேன். ஒவ்வோர் இழுப்பறைக்கும் அரை நாள் பிடித்தது. அந்த அரை நாளை நான் குறைக்க விரும்பவில்லை.

இதைக் கேள்விப்பட்ட பக்கத்து வீட்டுக்காரர், தம் வீட்டுத் தரையில் ஒட்டியிருக்கும் பழைய வினைல் ஓடுகளையும் இதே கருவியால் எடுத்துவிடலாமா என்று கேட்டார். அதற்கு நான் கருவியைக் கொடுக்கவில்லை. வினைலும் பி.வி.சி.யே, அத்துடன் பழைய வினைல் ஓடுகளிலும் அவற்றின் அடியில் தடவிய கறுப்புப் பசையிலும் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) கலந்திருக்க வாய்ப்புண்டு, சுரண்டினால் அதன் நார் காற்றில் கலக்கும். ஓடுகள் உடையாமல் இருந்தால் அவற்றின் மேலேயே புதிய தரையைப் போட்டுக்கொள்வது மேல் என்று சொல்லிவிட்டேன்.

மேற்பலகையை ரேகையோடு 120ஆம் எண் உப்புத்தாளிலும், பிறகு 220ஆம் எண் தாளிலும் தேய்த்து, காய்ச்சிய ஆளி விதை எண்ணெயை மூன்று பூச்சாக, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இரண்டு நாள் விட்டுத் தடவினேன். எண்ணெய் துடைத்த துணிகளைக் கசக்கிக் குவித்துவைத்தால் தாமாகவே சூடேறித் தீப்பிடிக்கும் என்பதால், ஒவ்வொன்றையும் விரித்துக் கொடியில் காயப்போட்டேன். புயலன்று நீர் தேங்கிய மூலை இன்னும் கறுப்பாகத்தான் இருக்கிறது. முதல் நாள் நான் சுட்ட தழும்பு சுவரை ஒட்டிப் பின்விளிம்பில் தெரிகிறது. ரெக்சின் எடுத்த பள்ளத்தின் வலது ஓரத்தில், நாற்பதாண்டுகள் சன்மைக்காவுக்கு அடியில் கிடந்த ஒரு நீல மசிக்கறை வெளிப்பட்டது. தாத்தா மசிக்கூட்டை வைத்த இடம் அதுவே என்றார் அம்மா. உப்புத்தாளோடு அங்கே போன என் கையைப் பிடித்து நிறுத்தி, "அதை அப்படியே விடு" என்றார். அந்த இடத்தில் மட்டும் தேய்க்காமல் எண்ணெயை மெதுவாகத் தொட்டுவைத்தேன். இப்போது பள்ளத்தை நிரப்ப ஒரு துணியைத் தேடிக்கொண்டிருக்கிறேன். அதை வச்சிரம் கொண்டு ஒட்டித் தருவதாகப் பெரியவர் சொல்லியிருக்கிறார், ஈரக்காற்று அடங்கும் பங்குனி வரை பொறுத்திருக்கச் சொல்லியும் இருக்கிறார்.